உபுண்டு போடச் சொன்னோம், விண்டோஸை அழித்துக் கொடுத்தார்கள்

மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் பக்கமிருந்து லேப்டாப் வேலைக்கு ராமநாதபுரம் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

என் தங்கச்சி கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறாள். லேபில் எல்லாமே லினக்ஸ், அதாவது விண்டோஸ் மாதிரியே கம்ப்யூட்டரை இயக்கும் இன்னொரு மென்பொருள். வீட்டு லேப்டாப்பில் விண்டோஸ் 11 அப்படியே இருக்க, கூடவே லினக்ஸில் ஒரு வகையான உபுண்டுவும் வேண்டும் என்று டவுனில் ஒரு கடையில் கொடுத்தாள். டி டிரைவில் அப்பாவின் படகுக் கணக்கு இருக்கிறது, அதைத் தொடக்கூடாது என்று சொல்லித்தான் கொடுத்தாள். "ஒண்ணும் ஆகாது பாப்பா, நாங்க தினமும் போடுறதுதான்" என்றார் கடைக்காரர். வாங்கியது 1,800 ரூபாய். அதில் 600 ரூபாய் 'உபுண்டு லைசென்ஸ்' கணக்காம்! 2004இல் வெளிவந்த நாளிலிருந்து உபுண்டு இலவசம். யார் வேண்டுமானாலும் டவுன்லோட் செய்து போட்டுக்கொள்ளலாம்.

வீட்டில் ஆன் செய்தால் நேராக உபுண்டு திறக்கிறது. எதைத் திறக்கட்டும் என்று கேட்கும் மெனுவே வரவில்லை. டிஸ்க்கைப் பிரித்திருக்கும் பார்ட்டிஷன்களைப் பார்த்தால் பூட் ஆவதற்கான சின்னப் பகுதி ஒன்று, மிச்சம் முழுக்க உபுண்டு. சி, டி இரண்டுமே காலி. விண்டோஸுடன் சேர்த்துப் போடவா, டிஸ்க் முழுவதையும் அழித்துவிட்டுப் போடவா என்று இன்ஸ்டாலர் தெளிவாகவே கேட்கும். டிஸ்க்கில் இருப்பதை மற்றவர்கள் படிக்க முடியாதபடி விண்டோஸ் போடும் பிட்லாக்கர் பூட்டு இருந்தால், விண்டோஸுக்குப் போய் அதை அணைத்துவிட்டு வரச் சொல்லும். அதற்கு நேரம் பிடிக்கும். அந்த நேரத்தை மிச்சம் பிடிக்கத்தான் மொத்தமாக அழித்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

போனது விசைப்படகுக் கணக்கு. ஆட்களுக்குக் கொடுத்த முன்பணம், பங்கு, இன்ஜின் பில் எல்லாம் அதில்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் அப்பா உட்கார்ந்து ஏற்றியது. இப்போது பழைய நோட்டுகளை வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கேட்டு எழுதுகிறார்.

திரும்பப் போய்க் கேட்டேன். "லினக்ஸ் போட்டா விண்டோஸ் போயிடும் தம்பி, அது அப்படித்தான்" என்கிறார். பச்சைப் பொய். அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப்பிலேயே விண்டோஸும், இந்திய அரசு நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்து இருந்ததை நம் பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள்.

அப்புறம்தான் பெரிய கூத்து. புது விண்டோஸுக்குத் தனிக் காசு, டேட்டாவை மீட்க இன்னும் 4,000 ரூபாய் என்றார். விண்டோஸோடு வாங்கிய லேப்டாப்பில் அதன் லைசென்ஸ் கீ மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். மைக்ரோசாப்ட் தளத்திலிருந்து அதே பதிப்பை இறக்கிப் போட்டால் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். எங்களுக்கு அப்படித்தான் ஆனது. டேட்டா விஷயம் வேறு. இப்போதைய லேப்டாப்புகளில் வரும் எஸ்எஸ்டி டிஸ்க்கில் உபுண்டு புதிதாக ஃபார்மட் செய்யும்போது பழைய இடத்தையெல்லாம் காலி என்று டிஸ்க்குக்கே சொல்லிவிடும். அதன்பின் மீட்பது கிட்டத்தட்ட முடியாது. முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் உடனே ஆஃப் செய்யுங்கள். வேறு கம்ப்யூட்டரில் மாட்டி டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் போன்ற இலவச மென்பொருளால் முயன்று பார்க்கலாம்.

கடையில் கொடுக்கும் முன் முக்கியமானதை வெளி டிஸ்க்கில் எடுத்து வையுங்கள். பிட்லாக்கர் பூட்டைத் திறக்கும் 48 இலக்க மீட்பு கீ உங்கள் மைக்ரோசாப்ட் கணக்கில் இருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மெண்டிலேயே சி டிரைவைச் சுருக்கி இடம் ஒதுக்கச் சொல்லுங்கள், விண்டோஸை முழுதாக ஆஃப் ஆக விடாத ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைக்கச் சொல்லுங்கள். சேர்த்துப் போடவா, அழித்துவிட்டுப் போடவா என்று இன்ஸ்டாலர் கேட்கும் நேரத்தில் கட்டாயம் பக்கத்தில் நில்லுங்கள். நிற்க விடாத கடையில் கொடுக்காதீர்கள்.

வேலை முடிந்து விண்டோஸில் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் காட்டினால் பயப்பட வேண்டாம். லினக்ஸ் உலக நேரத்தை எழுதி வைப்பதால் வருவது, ஒரு கட்டளையில் சரியாகிவிடும். அதற்கும் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

எங்களுக்குத் துண்டுச்சீட்டில் 'ஓஎஸ் சர்வீஸ்' என்று மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். நீங்கள் 'விண்டோஸையும் டேட்டாவையும் தொடாமல் உபுண்டு' என்று பில்லில் எழுதி வாங்குங்கள். ஏமாற்றினால் நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. நாங்கள் அந்தச் சீட்டை வைத்தே அங்கே புகார் கொடுத்திருக்கிறோம்.