தரைக்கட்டில்: சேலத்துக்கு ஒரு மாதிரி, ஏற்காட்டுக்கு வேறு மாதிரி
மரப்பட்டறையில் அளவு கொடுத்துச் செய்யும் தரைக்கட்டில், அதாவது தடுப்பில்லாத தாழ்வான கட்டில், ஒன்றரை வயது தாண்டிய குழந்தைக்கு அருமையான ஏற்பாடு. தடுப்பில் கால்போட்டு ஏறித் தலைகுப்புற விழும் பயம் இல்லை; தூக்கம் கலைந்தால் தானே இறங்கி வரும்.

அடிச்சட்டம்தான் முக்கியம். பட்டைகளுக்கு இடையே 5 செ.மீ. விட்டு, தரையிலிருந்து 8 செ.மீ. உயர்த்தச் சொல்லுங்கள். சேலம் வெயிலுக்கு இந்த உயரம் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை. சுமார் 1,500 மீட்டர் உயரத்து ஏற்காட்டில் அப்படி முடியாது. மழைக்காலத்தில் சிமெண்டுத் தரை சில்லிட்டுக் கிடக்கும். குழந்தையின் வியர்வை மெத்தை வழியே இறங்கி, அந்தக் குளிரில் அடியிலேயே நீராகத் தங்கும். மூலையைத் தூக்கிப் பார்த்தால் கறுப்புப் புள்ளிகளாகப் பூஞ்சை, கூடவே மக்கிய வாடை. காலையில் மெத்தையை எடுத்து உலரவிட்டே ஆகவேண்டும்.

மெத்தைக்குக் கெட்டியான தென்னைநார்தான் சரி. இலவம்பஞ்சு அமுங்கிக் குழிவிழும். ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு அதில் மூச்சுமுட்டும் ஆபத்து உண்டு. அந்த வயதில் தலையணை, ரஜாய் எதுவுமே கூடாது. சுவரை ஒட்டியும் போடாதீர்கள்: மெத்தை நகர்ந்தால் உண்டாகும் இடுக்கில் குழந்தை சிக்கும். ஓரடி தள்ளிப் போடுங்கள். பீரோவை எல்-கிளாம்பு போட்டுச் சுவரோடு இறுக்கி, தாழ்வான ப்ளக் பாயிண்டுகளை மூடிய பிறகே குழந்தையைப் படுக்க வையுங்கள்.