வீட்டைத் தூக்கும் முன் மண்ணைப் பாருங்கள்: எங்கள் வீட்டில் நடந்தது

சென்னையில் வேளச்சேரி, மடிப்பாக்கம், பள்ளிக்கரணை பக்கம் பழைய வீட்டை ஜாக்கி வைத்து உயர்த்த நினைப்பவர்கள், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

எங்கள் வீடு அப்பா 1991-ல் கட்டியது. 900 சதுர அடி, தரைத்தளம் மட்டும், தூண் இல்லாமல் செங்கல் சுவரே பாரம் தாங்கும் வீடு. தெருவில் ரோடு போடப் போட, வீடு இரண்டடி பள்ளத்துக்குப் போய்விட்டது. 2015 டிசம்பரில் இடுப்பளவு தண்ணீர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மறுபடியும் முழங்கால் வரை. அம்மாவுக்கு 74 வயது. இன்னொரு மழையை இப்படிக் கழிக்க முடியாது என்று வீட்டை மூன்றரை அடி உயர்த்த முடிவு செய்தோம்.

வந்த ஒப்பந்ததாரரிடம் நான் கேட்ட முதல் கேள்வியே மண் பரிசோதனை பற்றித்தான். "அதை நான் பார்த்துக்கறேன் சார், ரிப்போர்ட்டோட தர்றேன்" என்றார். அதற்குத் தனியாக 18,000 ரூபாய் வாங்கிக்கொண்டார். பத்து நாளில் ஸ்பைரல் பைண்டிங் போட்ட 14 பக்க அறிக்கை வந்தது. முத்திரை, கையெழுத்து எல்லாம் இருந்தன. மண் சதுர மீட்டருக்கு 18 டன் தாங்கும், பழைய கடைக்காலே போதும், அதன் மேல் செங்கல் கட்டி ஒரு பெல்ட் கான்கிரீட் போட்டால் சரி என்று விளக்கினார். நான் கடைசிப் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு ஒப்புக்கொண்டேன்.

தூக்கிய தொழிலாளர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. 160 ஜாக்கி வைத்து, இம்மி இம்மியாக ஏற்றி, ஒரு கண்ணாடிகூட உடையாமல் மூன்று வாரத்தில் முடித்தார்கள். அப்புறம் உள்ளே சவுடு மண் கொட்டி, தண்ணீர் விட்டு இறுக்கி, மேலே டைல்ஸ் போட்டார்கள்.

அடுத்த மழைக்காலம் முடிந்ததும் தென்மேற்கு அறையில் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல் ஓடியது. கோடையில் அது விரல் நுழையும் அளவுக்கு அகலமாகிவிட்டது. அந்த மூலைக்கு வெளியேதான் எங்கள் வேப்பமரம் நிற்கிறது. அம்மாவின் அறைக்கதவு நிலையில் இறுகிப்போய்ச் சாத்தவே முடியவில்லை. ஒப்பந்ததாரரைக் கூப்பிட்டால், "புதுப் பூச்சு சார், காய்ஞ்சா அப்படித்தான்" என்றார். மூன்றாவது முறைக்குப் பிறகு போனை எடுக்கவே இல்லை.

மண் பொறியியல் தெரிந்த ஒரு பொறியாளரை அழைத்து வந்தோம். அறிக்கையைக் கையில் வாங்கியதும் அவர் கேட்டது: "மண் எடுக்கத் துளை போட்ட இடத்தைக் காட்டுங்க." எனக்குத் தெரியவில்லை. அம்மாவைக் கேட்டேன். "யாரும் வரவே இல்லையேப்பா, நான் வீட்டை விட்டு எங்கயும் போகலையே" என்றார். அந்த வார்த்தையைக் கேட்டபோது வயிற்றைப் பிசைந்தது.

பொறியாளர் அறிக்கையைப் புரட்டிக் காட்டினார். வரைபடத்தில் இருந்தது இரண்டு பக்கமும் ரோடு உள்ள மூலை மனை. எங்களுடையது தெரு நடுவில். ஒன்றரை மீட்டரில் செம்மண் கலந்த சரளை என்று எழுதியிருந்தது. 9 மீட்டர் வரை நிலத்தடி நீரே இல்லையாம். எங்கள் வீட்டில் ஐப்பசியில் நாலடி தோண்டினாலே தண்ணீர் ஊறும். வேறு யாருடைய மனைக்கோ எடுத்த அறிக்கையில் முதல் பக்கத்தை மட்டும் மாற்றி எங்களிடம் கொடுத்திருக்கிறார்கள்.

பிறகுதான் உண்மையான பரிசோதனை நடந்தது. முதலில் சுவரை ஒட்டி ஒரு குழி. கடைக்கால் மூன்றடி இரண்டு அங்குலத்தோடு நின்றுவிட்டது. அடியில் மணல் படுகை இல்லை, நேராகக் கறுப்புக் களிமண். அடுத்து முக்காலி நட்டு இரண்டு துளை. 63.5 கிலோ சுத்தியலை 75 செ.மீ. உயரத்திலிருந்து விழவிட்டு, குழாய் 30 செ.மீ. இறங்க எத்தனை முறை அடிக்க வேண்டியிருக்கிறது என்று எண்ணுவார்கள். எண்ணிக்கை குறைந்தால் மண் பலவீனம். கூடவே நின்று நானும் எண்ணினேன். ஒன்றரை மீட்டர் ஆழத்தில் 4 முறை. மூன்று மீட்டரில் 5. ஆறு மீட்டரில் மணல் கலந்த மண் வந்தபோதுதான் 17. ஆய்வகத்தில் அதே மண்ணைப் பத்துப் பத்து கிராமாக இரண்டு குடுவையில் போட்டு, ஒன்றில் மண்ணெண்ணெய், ஒன்றில் தண்ணீர் ஊற்றி 24 மணி நேரம் வைத்தார்கள். மண்ணெண்ணெயில் மண் ஊதாது. தண்ணீரில் 90 சதவீதம் ஊதியிருந்தது. மழையில் உப்பி, கோடையில் சுருங்கும் மண். வேப்பமரம் ஈரத்தை உறிஞ்சும் மூலையில் அது இன்னும் அதிகமாகச் சுருங்குகிறது.

கடைசியில் சொன்ன தாங்குதிறன் 6 டன். அறிக்கையில் இருந்ததோ 18.

இன்னொன்றும் அவர் கணக்குப் போட்டுக் காட்டினார். இதை யாரும் நினைப்பதில்லை என்பதால் சொல்கிறேன். சுவர் போக 75 சதுர மீட்டர் தரையில் மூன்றரை அடிக்கு மண் நிரப்பினால் 80 கன மீட்டர். கன மீட்டருக்கு 1.7 டன் வைத்தாலே 136 டன். முப்பது வருடமாக எப்படியோ தாங்கிக்கொண்டிருந்த அந்தக் களிமண் மேல் இத்தனை எடையையும் புதிதாக ஏற்றியிருக்கிறோம். நிரப்பாமல், கீழே காலியாக விட்டு மேலே தளம் போட்டிருக்கலாம்.

இப்போது சுவரின் இரண்டு பக்கமும் ஆறு மீட்டருக்குக் கீழே வரை பைல், அதாவது நிலத்துக்குள் நிற்கும் கான்கிரீட் தூண், இறக்கி, சுவருக்கு அடியில் குறுக்கே பீம் கொடுத்துத் தாங்க வேண்டுமாம். அடிப்பகுதியில் குமிழ் வைத்த பைல், இந்த மாதிரி ஊதும் மண்ணுக்கென்றே ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய முறை. பேஸ்மட்டம் திறந்து கிடந்த அந்த மூன்று வாரத்தில் இதைச் செய்திருந்தால் பாதிச் செலவில் முடிந்திருக்கும் என்றார். அதுதான் மனதை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது.

தயவுசெய்து, வீட்டைத் தூக்குபவரிடமே மண் பரிசோதனையையும் ஒப்படைக்காதீர்கள். ஆய்வகத்தை நீங்களே பார்த்து, பணத்தையும் நேராக அங்கேயே கொடுங்கள். துளை போடும் நாளில் லீவு எடுத்துக்கொண்டு பக்கத்தில் நில்லுங்கள். எடுத்த மண்ணை உங்கள் கண் முன்னே பையில் கட்டி, துளை எண்ணும் ஆழமும் எழுதச் சொல்லிப் போட்டோ எடுங்கள். அறிக்கை வந்தால் முடிவுரையை விட்டுவிட்டு வரைபடத்தையும் நீர்மட்டத்தையும் முதலில் பாருங்கள். அந்த இரண்டும் சரியா என்று சொல்ல வீட்டில் இருக்கும் பெரியவர்களே போதும்.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும், தள்ளிப்போடாதீர்கள். விசாரணை நடப்பதால் ஒப்பந்ததாரரின் பெயரை இங்கே எழுதவில்லை.

விரிசல் இன்னும் நகர்கிறதா என்று பார்க்க, பொறியாளர் குறுக்கே மூன்று கண்ணாடித் துண்டுகளைத் தேதி எழுதி ஒட்டிவிட்டுப் போனார். இரண்டு முன்பே உடைந்துவிட்டன. மூன்றாவது போன வாரம் உடைந்தது. அம்மா இப்போது ஹாலில் படுக்கிறார்.