மொரிஷியஸ் கட்டமரான் டிரிப்: 23,600 ரூபாய்க்கு 22 நிமிஷம் கலங்கின தண்ணி

கோபத்தோடதான் எழுதுறேன், பிழை இருந்தா பொறுத்துக்கோங்க. கட்டமரான் (ரெட்டை உடல் பாய்மரப் படகு) டிரிப் போனது செவ்வாய்க்கிழமை, இன்னிக்கு சனி. நாலு பேர், தலைக்கு 6,000, யுபிஐயில் கட்டினா 400 தள்ளுபடி. ஆக 23,600 ரூபாய். மொரிஷியஸுக்கு டிக்கெட் போட்டு வெச்சிருக்கிறவங்க படகு புக் பண்றதுக்கு முன்னாடி இதை முழுசா படிச்சிடுங்க. எதெதைப் பார்த்து வாங்கணும்னு கடைசியில் விவரமா எழுதுறேன்.

தளத்தோட பேர் சொல்லப் போறதில்லை. சுத்திப் பார்க்கிற டிக்கெட், படகு டிக்கெட் எல்லாம் விக்கிற பெரிய ஆன்லைன் தளம். காசு கட்டினதும் உள்ளூர் ஏஜென்ட் ஒருத்தரோட வாட்ஸ்அப் எண் வரும். படகு இன்னொருத்தருடையது. தளம், ஏஜென்ட், படகுக்காரர் மூணு பேரும் வேற வேற ஆள்னு காசு கட்டுற வரைக்கும் எங்கேயும் தெரியாது. பின்னாடி நடந்த அலைக்கழிப்புக்கெல்லாம் வேர் அதுதான்.

பக்கத்தில் போட்டிருந்தது இது: காலை 9 மணிக்கு மாஹேபூர் பக்கத்துல புவான்ட் ஜெரோமில் படகு ஏறணும். ப்ளூ பே கடல் பூங்காவில் ஸ்நார்க்கலிங் (மாஸ்க், மூச்சுக் குழாயோட மேலே மிதந்துக்கிட்டே கடலடியைப் பார்க்கிறது). அப்புறம் பாய் விரிச்சு காயலுக்குள்ளேயே வடக்கே இல் ஓ செர்ஃப் தீவு வரைக்கும். வழியில் கிராண்ட் ரிவர் சவுத் ஈஸ்ட் அருவி. படகிலேயே சுட்ட மீன், கோழி, சைவம் தனி. பானங்கள் அளவில்லாம. 4 மணிக்குத் திரும்பணும்.

இதில் காசுக்கு மதிப்பு ப்ளூ பேதான், மத்ததெல்லாம் ஒட்டு. 353 ஹெக்டேர் கடல் பூங்கா அது, 2008ல் ராம்சார் பட்டியலில் (உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களோட பட்டியல்) சேர்ந்தது. ஆழம் அதிகமில்லாத தெளிஞ்ச தண்ணியில் பவளம் இருக்கறதால, நீச்சல் சுமாரா தெரிஞ்சவங்களும் மேலே மிதந்துக்கிட்டே பார்க்கலாம். அதுக்காகத்தான் இந்த டிரிப்பை எடுத்ததே.

இப்போ, நான் ஏமாந்த இடம். கண்ணை மூடிக்கிட்டு காசு கட்டலை. ஏஜென்ட்கிட்ட அஞ்சு கேள்வி கேட்டேன். படகில் மொத்தம் எத்தனை பேர்? பாய் நிஜமாவே விரிப்பீங்களா, இல்ல முழுக்க இன்ஜினா? மாஸ்க் ஆளுக்கு ஒண்ணா? கூட வர்றவங்கள்ல 68 வயசு அம்மா ஒருத்தங்க சுத்த சைவம், அவங்களுக்கு என்ன? அருவிக்குப் போற சின்ன படகுக்குத் தனிக் காசா? அஞ்சுக்கும் பத்து நிமிஷத்தில் பதில். "அதிகபட்சம் 24 பேர் அண்ணா. காற்று இருந்தா பாய் கண்டிப்பா. மாஸ்க் ஆளுக்கு ஒண்ணு, சிலிக்கான். அம்மாவுக்குத் தனி அடுப்புல காய்கறி, பனீர். அருவி இதுலயே சேர்ந்தது." மூணு பதில் வாய்ஸ் நோட்டா, அதுவும் தமிழில். ரூபாய் நோட்டில் தமிழெழுத்து அச்சடிச்சிருக்கிற நாடுன்னாலும், அங்கே தமிழ் வம்சாவளிக்காரங்க வீட்டில் பேசுறது பெரும்பாலும் கிரியோல்ங்கிற உள்ளூர் மொழி. அப்படி இருக்கிற ஊர்லேர்ந்து "அண்ணா"ன்னு ஒரு குரல் கேட்டதும் மனசு இளகிடுச்சு. கேட்டதுக்கெல்லாம் கணக்கா பதில் சொல்றவன் ஏமாத்த மாட்டான்னு நினைச்சேன். அந்த அஞ்சு பதிலில் ஒண்ணுகூட வவுச்சரில் இல்லைங்கிறதை அப்போ பார்க்கலை. வவுச்சரில் இருந்தது "கட்டமரான் அல்லது அதற்கு நிகரான படகு", "பயணத் திட்டம் வானிலைக்கு உட்பட்டது". அவ்வளவுதான்.

முந்தின நாள் ராத்திரி 10 மணிக்கு மேல ஒரு மெசேஜ். "நாளைக்குக் காற்று ஜாஸ்தி அண்ணா, ஏறுற இடம் த்ரூ தோ தூஸ்." இங்கேயே ரத்து பண்ணியிருக்கணும். ஏன்னு சொல்றேன். ஜூலையில் அங்கே தென்கிழக்கு வியாபாரக் காற்று ஓயாம அடிக்கும், படகுத் தொழில்ல இருக்கிற யாருக்கும் அது திடீர்ச் செய்தி கிடையாது. அதோட புவான்ட் ஜெரோமும் த்ரூ தோ தூஸும் தீவோட ஒரே பக்கத்தில், கிழக்கே இருக்கு. அங்கே அடிக்கிற காற்றுதான் இங்கேயும் அடிக்கும். காற்றுக்குப் பயந்து மாத்தினா மேற்கே ரிவியேர் நுவார் பக்கமோ, வடமேற்கே கிராண்ட் பே பக்கமோதான் மாத்தணும். த்ரூ தோ தூஸ்லேர்ந்து ப்ளூ பேக்கு கடல்வழியா இருபது கிலோமீட்டருக்கு மேல. இந்த மாதிரிப் படகுக்குப் போக மட்டும் ஒன்றரை மணி நேரம் ஆகும், அதுவும் எதிர்காற்றில். அதாவது ஏறுற இடம் மாறின நிமிஷமே ப்ளூ பே கைவிட்டுப் போயாச்சு. அதை மட்டும் மெசேஜில் சொல்லலை. "எல்லாம் அதே பிளான்தான் அண்ணா"ன்னு சேர்த்து வேற அனுப்பினான்.

காலையில் வேன் வந்தது. டிரைவர் கதவைத் திறந்ததும் முதல் வேலையா வவுச்சரோட க்யூஆரை ஸ்கேன் பண்ணிட்டார். ஸ்கேன் ஆன நொடியில் தளத்தோட கணக்கில் சேவை பயன்படுத்தியாச்சு. படகைக் கண்ணால பார்க்கலை, ஆனா 23,600 ரூபாயும் அவங்க பக்கம் போயாச்சு.

9 மணிக்குன்னு சொன்னது, ஏறினது 10:15க்கு. நான் எண்ணினேன்: பயணிகள் 44, சிப்பந்திகள் 4. முன்னாடி வலைத்தட்டில் அம்மா உட்கார இடம் இல்லை, பின்பக்கம் டீசல் புகை. படகு கட்டமரான்தான், பொய் சொல்லலை. ரெட்டை உடல், நடுவில் தளம், கொடிமரம் எல்லாம் இருந்தது. பாயைச் சுருட்டி வெச்சிருந்த உறை மட்டும் கடைசி வரைக்கும் திறக்கலை. அதோட ஜிப்பைக் கிட்ட போய்ப் பார்த்தேன். பல்லுக்குப் பல்லு உப்பு வெள்ளையா கட்டிப் பச்சை பூத்திருந்தது. பல மாசமா யாரும் இழுத்திருக்க மாட்டாங்க. காற்று ஜாஸ்தின்னு இடத்தை மாத்தினவங்க, அந்தக் காற்றில் ஒரு பாய்கூட விரிக்கலை. நம்ம கட்டுமரத்துக்குக்கூட ஒரு பாய் உண்டு.

ஸ்நார்க்கலிங் நிறுத்தம் கிராண்ட் ரிவர் சவுத் ஈஸ்ட் ஆற்று முகத்துவாரத்துக்குக் கொஞ்சம் வடக்கே. முந்தின நாள் மழை. ஆறு கொண்டு வந்த வண்டல் எல்லாம் அங்கேதான் கலக்குது. ரெண்டு மீட்டர் ஆழத்தில் மணலும் கடல்புல்லும். கையை நீட்டினா விரல் நுனி மங்கலாத் தெரியும். பவளம்னு சொல்ல ஒண்ணும் இல்லை. கேட்டதுக்கு, "இங்கேயும் மீன் வரும் சார், பிரெட் போட்டா வரும்." பிரெட்டும் போட்டாங்க.

மாஸ்க் ஒரு பிளாஸ்டிக் கூடையில் 12 இருந்தது, 44 பேருக்கு. சிலிக்கான் இல்லை, வெயிலில் விறைச்சுப் போன கறுப்பு பிவிசி. மாஸ்க் பொருந்துதான்னு பார்க்க ஒரு சோதனை இருக்கு: வாரைத் தலையில் மாட்டாம முகத்தில் வெச்சு மூக்கால மூச்சை உள்ளே இழுக்கணும், கையை எடுத்தாலும் ஒட்டிக்கிட்டு நிக்கணும். அஞ்சைச் சோதிச்சதில் ஒண்ணு நின்னது. விறைச்ச விளிம்பு கன்னத்தோட படியாது, அந்த இடைவெளியில் தண்ணி ஏறிக்கிட்டே இருக்கும். வாரை இறுக்கினா சரியாகும்னு இழுத்தா இன்னும் மோசமாகும், விளிம்பு மடங்கிடும். ஸ்நார்க்கல் குழாய்ல பல்லால கடிக்கிற ரப்பர் குமிழ் பாதியில் இல்லை. ஒருத்தர் வாயிலிருந்து எடுத்ததைக் கடல் தண்ணியில் ஒரு முக்கு முக்கி அடுத்தவருக்குக் கொடுத்தாங்க. கிருமிநாசினி வாளி கிடையாது.

நீச்சல் தெரியாதவங்களுக்குக் கொடுத்தது தடிச்ச ஆரஞ்சு ஃபோம் ஜாக்கெட். அதோட வேலையே ஆளை மல்லாக்கத் திருப்பி முகத்தைத் தண்ணிக்கு மேல வைக்கிறது. உயிர் காக்க அது சரி, ஸ்நார்க்கலிங்குக்கு எதிரி. குனிஞ்சு பார்க்கப் போனா அது நிமிர்த்தும். ரெண்டு பேர் திணறி வாய்க்குள்ள தண்ணி போய் ஏணிக்குத் திரும்பிட்டாங்க. ஊதுற வகை ஸ்நார்க்கல் வெஸ்ட்டோ, பிடிச்சுக்க ஒரு மிதவை வளையமோ கொடுத்திருந்தா போதும். நம்ம முறை வந்து தண்ணியில் இருந்தது 22 நிமிஷம். வாட்ச்சில் பார்த்தது.

அருவிக்கு கட்டமரான் போகாது, சின்ன படகுக்கு மாறணும், அது எல்லா இடத்திலும் அப்படித்தான். ஆனா "இதுலயே சேர்ந்தது"ன்னு சொன்ன அந்தச் சின்ன படகுக்கு தலைக்கு 400 மொரிஷியஸ் ரூபாய் கேட்டாங்க. கொடுக்கலை, போகலை. போயிட்டு வந்தவங்க பத்து நிமிஷத்தில் திரும்பிட்டாங்க.

சாப்பாடு. அடுப்பு பின் கம்பியில் மாட்டியிருக்கும். விவரம் தெரிஞ்ச ஆளுங்க நங்கூரம் போட்ட பிறகுதான் சுடுவாங்க. அப்போ படகோட மூக்கு காற்றைப் பார்த்து நிக்கும், புகை பின்னாடி கடலுக்குப் போயிடும். இவங்க நேரத்தை மிச்சம் பிடிக்க, தீவுக்குத் திரும்புற வழியில் ஓடுற படகிலேயே சுட்டாங்க. பின்காற்று, படகும் ஏறக்குறைய அதே வேகம். புகை எங்கேயும் நகராம எங்க மேலயே உட்கார்ந்தது. தட்டில் வந்தது ஆளுக்கு ஒரு கோழிக்கால், ஒரு சாசேஜ், கோஸ் சாலட், பூண்டு ரொட்டி. மீன் "இன்னிக்கு வரலை". அம்மாவுக்குச் சொன்ன தனி அடுப்பு, பனீர் எதுவும் இல்லை. அதே கம்பியில் ரொட்டியைச் சூடு பண்ணிக் கொடுக்க வந்தாங்க. அம்மா வெறும் சோறும் வெள்ளரியும் சாப்பிட்டாங்க.

பானம் "அளவில்லாம"ங்கிறது 1:30க்குத் திறந்து 2:15க்கு மூடிடுச்சு. நீந்தி முடிச்சு ஏறின பிறகுதான் ரம் ஊத்தணும், அது நல்ல வழக்கம், குறை சொல்ல மாட்டேன். ஆனா திறந்தா திறந்து வைக்கணும். ஆளுக்கு ஒரு பியர், லேபிள் இல்லாத ஜாடியில் ரம், கோலா தீர்ந்துபோச்சு. தண்ணி பாட்டில் கேட்டா காசு.

இல் ஓ செர்ஃபில் 35 நிமிஷம். 3 மணிக்குக் கரை. போன் மேப்பில் போட்டுப் பார்த்தேன், மொத்தப் பயணமும் அஞ்சாறு கிலோமீட்டர் நீளத்துக்குள்ளேயே முன்னும் பின்னும்.

இனி அலைக்கழிப்பு. படகிலேயே கேட்டேன். "எங்களுக்கு ஆளுங்களை ஏத்தி இறக்கச் சொன்னாங்க, உங்க பேக்கேஜ் எங்களுக்குத் தெரியாது." ஏஜென்ட்கிட்ட சாயங்காலம் எழுதினேன். நீல டிக் விழுந்தது, ஒரு மணி நேரம் கழிச்சு பதில்: "வெதர் அண்ணா, நம்ம கையில இல்ல." ப்ளூ பே எங்கேன்னு திரும்பக் கேட்டேன். பதில் இல்லை. ராத்திரி திறந்து பார்த்தா அந்த மூணு வாய்ஸ் நோட்டும் இருந்த இடத்தில் "இந்தச் செய்தி நீக்கப்பட்டது". தனியாச் சேமிச்சு வைக்கலை, அது என் தப்பு.

தளத்தோட சாட்டில் முதலில் பாட். "உங்கள் அனுபவம் எப்படி இருந்தது?"ன்னு ஸ்டார் கேக்குது. மனுஷன் வர்றதுக்கு 40 நிமிஷம். "ஆபரேட்டரிடம் கேட்டுச் சொல்கிறோம், 72 மணி நேரம்." நேத்து சாயங்காலம் பதில் வந்தது: வவுச்சர் ஸ்கேன் செய்யப்பட்டுள்ளது, சேவை வழங்கப்பட்டுள்ளது, வானிலை காரணமான மாற்றம் விதிமுறைக்கு உட்பட்டது, நல்லெண்ண அடிப்படையில் 1,000 ரூபாய் கூப்பன், 60 நாளைக்குள் பயன்படுத்தணும். 23,600க்கு 1,000. அதுவும் அவங்ககிட்டயே இன்னொரு தடவை காசு கொடுத்தாத்தான். கூடையில் மாஸ்க் 12, உறை மூடின பாய், எல்லாம் போட்டோவோட அனுப்பியிருந்தேன். ஒண்ணுக்கும் பதில் இல்லை.

கார்டில் கட்டியிருந்தா, சொன்ன சேவை தரலைன்னு வங்கியில் சார்ஜ்பேக் (கட்டின காசைத் திரும்ப வாங்கித் தரச் சொல்றது) கேட்டிருக்கலாம். 400 ரூபாய் தள்ளுபடிக்கு ஆசைப்பட்டு யுபிஐயில் கட்டினேன். 400ஐப் பார்த்து 23,600ஐ விட்டேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ல் புகார் பதிஞ்சாச்சு. மொரிஷியஸில் இந்தப் படகுகளுக்கு லைசென்ஸ் கொடுக்கிறது அந்த நாட்டு சுற்றுலா ஆணையம், அவங்களுக்கும் மெயில் போட்டிருக்கேன்.

விவரமா எழுதுறேன்னு சொன்னேன், தெம்பில்லை. அவசரமா சொல்றது இவ்வளவுதான். வாட்ஸ்அப்பில் சொன்னதை வவுச்சரில் எழுதச் சொல்லுங்க, மாட்டேன்னா விட்டுடுங்க. ஏறுற இடம் மாறினா டிரிப்பே மாறிடுச்சுன்னு அர்த்தம், அன்னிக்கே ரத்து கேளுங்க. படகைப் பார்க்காம க்யூஆர் காட்டாதீங்க. கார்டில் கட்டுங்க. மாஸ்க் ஊர்லேர்ந்தே எடுத்துட்டுப் போங்க.

இப்போ பார்த்தேன், தளத்தில் என் புகார் "தீர்க்கப்பட்டது, மூடப்பட்டது"ன்னு காட்டுது. மறுபடி திறந்திருக்கேன். இன்னொரு 72 மணி நேரமாம்.