டைனமிக் லிஸ்ட்டோடு மூன்று மீன்பிடித் தடைக்காலம்

காசிமேட்டில் மீன் எடுத்து வீடுகளுக்கும் சின்ன ஓட்டல்களுக்கும் கொடுக்கும் ஒரு அக்காவுக்காக 2022 கடைசியில் ஒரு ஆப் எழுதிக் கொடுத்தேன். ஃப்ளட்டர் என்ற ஆப் கட்டும் கருவி, டார்ட் என்ற நிரல் மொழி. நான் இருப்பது தண்டையார்பேட்டை. அதனால் ஏதாவது உடைந்தால் அக்கா போன் செய்வதில்லை, நேராக ஆளை அனுப்பிவிடுவார். அப்படி ஆள் வந்து நின்ற தடவைகளை யோசித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் ஒரே காரணம்தான். சர்வரிலிருந்து வரும், என்ன டைப் (எழுத்தா, எண்ணா, பட்டியலா என்ற வகை) என்றே தெரியாத மதிப்பை ‘இது ஸ்ட்ரிங் லிஸ்ட்’ (எழுத்துச் சரங்களின் பட்டியல்), ‘இது மேப்’ (பெயருக்கு எதிரே மதிப்பு) என்று நான் அடித்துச் சொல்லியிருந்த இடங்கள். மூன்று தடைக்காலம் பார்த்தாகிவிட்டது. இப்படி டைப்பை அடித்துச் சொல்வதற்குக் காஸ்ட் என்று பெயர். அதைச் செய்ய டார்ட்டில் இருக்கும் வழிகளில் எது உழைத்தது, எது காலை வாரியது என்று எழுதி வைக்கிறேன்.

முதலில் எல்லோரும் முட்டிக்கொள்ளும் இடம். ஒவ்வொரு மீனுக்கும் ‘வெட்டும் விதம்’ என்று ஒரு பட்டியல் உண்டு: குழம்புத் துண்டு, வறுவல் துண்டு, முழு மீன். சர்வர் தகவலை அனுப்பும் வடிவமான ஜேசனில் பார்த்தால் எல்லாமே ஸ்ட்ரிங். சரி என்று, காஸ்ட் செய்யும் சொல்லான ‘ஆஸ்’ போட்டு ஸ்ட்ரிங் லிஸ்ட் என்று எழுதினேன். ஓட்டியதும், டைனமிக் லிஸ்ட் (உள்ளே எந்த டைப்பும் இருக்கலாம் என்ற பட்டியல்) என்பது ஸ்ட்ரிங் லிஸ்ட்டின் துணை டைப் அல்ல என்று சிவப்புத் திரை. உள்ளே இருப்பது ஸ்ட்ரிங்தானே என்று அரை மணி நேரம் திரையோடு சண்டை. டார்ட்டில் ஒரு லிஸ்ட் பிறக்கும்போதே தன் டைப்பைச் சுமந்துகொண்டு பிறக்கிறது, ஓடும்போதும் அது கூடவே இருக்கிறது. ஜேசனைப் பிரிக்கும் ஃபங்ஷனுக்கு உள்ளே என்ன வரும் என்று முன்கூட்டித் தெரியாது, அதனால் டைனமிக் லிஸ்ட்டாகத்தான் உருவாக்கும். பெட்டிக்குள் மொத்தமும் சங்கராவே இருந்தாலும் மூடியில் ‘கலப்பு’ என்று எழுதியிருந்தால் டார்ட்டுக்கு அது கலப்புதான். காலிப் பெட்டியாக இருந்தாலும் அதே பேச்சு.

இந்தக் கறாரை அப்போது திட்டினேன். இப்போது திட்டுவதில்லை, காரணம் கோட்லின் என்ற இன்னொரு மொழி.

அதற்கு முன்பு வேறொரு கடைக்கு ஆண்ட்ராய்டில் மட்டும் ஓடும் டெலிவரி ஆப் ஒன்றைக் கோட்லினில் எழுதியிருந்தேன். ஜேசனைப் பிரிக்க ஜீசன் என்ற நூலகம். அங்கே ‘எனி’யாக (எதுவாகவும் இருக்கலாம் என்ற டைப்) வந்ததை ஸ்ட்ரிங் லிஸ்ட் என்று காஸ்ட் செய்தால் ஆப் உடையாது. சரிபார்க்க முடியாத காஸ்ட் என்று மஞ்சள் கோடு மட்டும் வரும், அதையும் ஒரு வரி சேர்த்து வாயடைத்துவிடலாம். நானும் அடைத்தேன். 2004-இல் ஜாவா 5-இல் ஜெனரிக்ஸ், அதாவது ‘எதன் லிஸ்ட்’ என்று சொல்லும் வசதி, வந்தபோது பழைய நிரல்களும் ஓட வேண்டும் என்பதற்காக, கம்பைல் ஆனதும் அந்த டைப்பை அழித்துவிடும்படி செய்தார்கள். ஆண்ட்ராய்டில் கோட்லினுக்கும் அதே பரம்பரைச் சொத்து. ஓடும்போது அது வெறும் லிஸ்ட், எதன் லிஸ்ட் என்ற நினைவே அதற்கு இல்லை. கேள்விக்குறி போட்ட ‘ஆஸ்’ இருக்கிறதே, தப்பாக இருந்தால் நல் (வெற்று மதிப்பு) கொடுக்குமே என்று நினைத்தால் அதுவும் ஏமாற்றம்தான். லிஸ்ட்டா இல்லையா என்று மட்டும் பார்க்கும், உள்ளே எட்டிப் பார்க்காது.

அப்புறம் எங்கே உடைகிறது? உள்ளே இருக்கும் ஒன்றை ஸ்ட்ரிங் என்று நம்பி எடுக்கும் வரியில். எனக்கு அது ஆர்டர் பட்டியலைத் திரையில் வரையும் அடாப்டரில் உடைந்தது. தப்பு நடந்தது மூன்று ஃபைல் தள்ளி. நான் அடாப்டரையே இரண்டு நாள் துருவிக்கொண்டிருந்தேன். போதாததற்கு, டைப் சொல்லாமல் விட்டால் ஜீசன் எல்லா எண்ணையும் டபுளாக (தசம எண்) எடுத்துக்கொள்ளும். ஆர்டர் எண் 1042 என்பது 1042.0 ஆனது. வாடிக்கையாளரின் பத்து இலக்க போன் நம்பர் 9.8ஈ9 என்கிற மாதிரி வந்து நின்றது. கடையில் ஈ மொய்ப்பது புரிகிறது, போன் நம்பரிலுமா? என்ன டைப் என்று ஜீசனுக்குச் சொல்லும் டைப் டோக்கன் கொடுத்து எழுதியிருந்தால் இந்த இரண்டு தொல்லையும் வந்திருக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சோம்பேறித்தனம் என்னுடையது.

மறுபடி டார்ட்டுக்கு. ‘ஆஸ்’ வேலைக்கு ஆகாது என்றதும் எல்லோரும் போய் நிற்பது ‘காஸ்ட்’ என்ற மெத்தடில். லிஸ்ட் என்று மட்டும் சொல்லி, பின்னால் ஒரு காஸ்ட் ஸ்ட்ரிங். சிவப்புத் திரை போய்விட்டது. முதல் ஆறு மாதம் ஆப் முழுக்க இதைத்தான் தெளித்தேன்.

காஸ்ட் உண்மையில் எதையும் மாற்றுவதில்லை. பழைய லிஸ்ட்டின் மேல் ஒரு கண்ணாடியை மாட்டிவிடுகிறது, அவ்வளவுதான். ஒவ்வொன்றையும் எடுக்கும் நேரத்தில்தான் ‘நீ ஸ்ட்ரிங்கா?’ என்று கேட்கும். அக்காவிடம் இதை விளக்கப் போய் அவரே எனக்கு விளக்கினார். ஏலத்தில் கூடையாக எடுக்கும்போது மேலே பெரிசு பெரிசாக அடுக்கி அடியில் பொடிசு கிடக்கும். “அங்கயே கவுத்துப் பாக்கணும் தம்பி. வூட்டாண்ட போயி அவங்க முன்னால தட்டுல போடும்போது பாத்தா அசிங்கமாயிடும்.” காஸ்ட் என்பது வாடிக்கையாளர் வீட்டு வாசலில் கூடையைத் திறப்பது. ஒரு நாள் சர்வரில் ஒரு வெட்டும் விதத்தை நீக்கியபோது அந்த இடத்தில் நல் உட்கார்ந்துவிட்டது. ஆப் திறந்தது, பட்டியல் வந்தது, விலை வந்தது. வஞ்சிரத்தைத் தொட்டு நான்காவது விருப்பம் வரைய வேண்டிய இடத்தில் சாம்பல் கட்டம். வெளியே கொடுத்த ஆப்பில் சிவப்புகூட வராது, பிழை வந்த இடம் வெறும் சாம்பலாக நிற்கும்.

கண்ணாடி என்றேன் அல்லவா, அதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. காஸ்ட் செய்த லிஸ்ட்டை விலைப்படி வரிசைப்படுத்தினால் அடியில் இருக்கும் அசல் லிஸ்ட்டும் வரிசை மாறும். இதை நான் கண்டுபிடித்த விதத்தை எழுதினால் என் மானம் போகும்.

பிறகு ‘லிஸ்ட் ஃப்ரம்’ என்ற வழிக்கு மாறினேன். புதிய ஸ்ட்ரிங் லிஸ்ட் ஒன்றை உருவாக்கி, பழையதிலிருந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்துப் போடும். கூடையைத் துறைமுகத்திலேயே கவிழ்ப்பது. பிரதி எடுக்கிறதே, மெதுவாகாதா என்று கேட்பார்கள். சில நூறு மீன் பதிவுகளுக்கு, பழைய போனில்கூட ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. இதன் குறை வேறு: ஒரே ஒரு மீனின் பதிவு கெட்டுப்போனாலும் மொத்தப் பட்டியலும் ஏறாது. நெத்திலியில் ஒரு நல் என்பதற்காகக் கடையே மூடிக் கிடந்தது ஒரு காலை. அதனால் இப்போது ஒவ்வொரு மீனையும் தனித்தனியாக, பிழை வந்தால் பிடித்துக்கொள்ளும் ட்ரை, கேட்சுக்குள் போட்டுப் பிரிக்கிறேன். கெட்டது மட்டும் வெளியே நிற்கும், எனக்கு லாக் (பிழைக் குறிப்பு) வரும்.

எடை வந்த கதை தனி. சோதனை செய்யும்போதெல்லாம் அரைக் கிலோ, ஒன்றரைக் கிலோ என்றே போட்டுப் பார்த்திருந்தேன். ‘ஆஸ் டபுள்’ அழகாக ஓடியது. கடையில் முதல் ஞாயிற்றுக்கிழமை, அக்கா அனுப்பிய பையன் வந்து சொன்னான்: “அண்ணே, ஒரு கிலோ போட்டா மட்டும் பில்லு வரலண்ணே. ஒன்றரை போட்டா வருது.” ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டில் எவ்வளவு பேர் ஒரு கிலோ கேட்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. சர்வர் பிஎச்பி என்ற மொழியில் எழுதியது, 1.0 என்பதை ஜேசனில் வெறும் 1 என்று அனுப்பும். டார்ட் அதை இன்ட்டாக (முழு எண்) எடுக்கும். இன்ட் என்பது டபுள் அல்ல. ‘நம்’ (இரண்டு வகை எண்ணுக்கும் பொதுவான டைப்) என்று எடுத்து டபுளாக மாற்றினால் முடிந்தது, பத்து எழுத்து மாற்றம். அன்றைக்கு அக்கா கணக்கு நோட்டிலேயே வியாபாரம் பார்த்தார். அந்த நோட்டை இன்னும் ஓரமாகவே வைத்திருக்கிறார், என் மேல் அவ்வளவு நம்பிக்கை.

அடுத்தது 2023 தடைக்காலம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. ஆப்பில் இருப்பை விசைப்படகு மீன், நாட்டுப்படகு மீன் என்று இரண்டு மேப்பாக வைத்திருந்தேன். மீன் பெயருக்கு எதிரே கிலோ. தடை தொடங்கி விசைப்படகு இருப்பு தீர்ந்ததும் ஆப் திறக்கவே இல்லை. பிழை, டைனமிக் லிஸ்ட் என்பது மேப் அல்ல என்றது. லிஸ்ட்டே நான் எங்கேயும் கேட்கவில்லையே! சர்வர் எழுதிய நண்பனைப் பிடித்தால், “நான் அனுப்பினது மேப்தான் மச்சி, காலியா இருக்கு, அவ்வளவுதான்” என்றான். அங்கேதான் விஷயம். பிஎச்பியில் லிஸ்ட்டும் மேப்பும் ஒரே அர்ரே. உள்ளே பெயர்ச் சாவிகள் இருந்தால் ஜேசனில் மேப்புக்கான {} வரும், காலியாக இருந்தால் எதுவென்று தெரியாமல் லிஸ்ட்டுக்கான [] வரும். ஆறு மாதமாக அந்த மேப் ஒரு நாளும் காலியானதில்லை. “தடை போட்டுக்குத்தானே தம்பி, ஆப்புக்கும் போட்டுட்டியா?” என்றார் அக்கா. காலி லிஸ்ட் வந்தால் காலி மேப் என்று எடுத்துக்கொள்ளும் ஒரு சின்ன ஃபங்ஷன் எழுதினேன். இன்று வரை என் எல்லா ப்ராஜெக்ட்டிலும் முதலில் காப்பி ஆவது அதுதான்.

ஆனால் இதுவரை சொன்ன எதுவும் மோசமில்லை. உடைந்தது, தெரிந்தது, சரிசெய்தேன். மோசமானது ‘வேர் டைப்’. கேட்ட டைப் இருந்தால் வைத்துக்கொள்ளும், இல்லாததைச் சத்தமில்லாமல் தூக்கிப் போடும். கோட்லினில் ‘ஃபில்டர் இஸ் இன்ஸ்டன்ஸ்’ செய்வதும் அதுவே. எங்கும் உடையாது என்ற மயக்கத்தில் கொஞ்ச நாள் இதைப் பயன்படுத்தினேன். நடுவில் நண்பன் வெட்டும் விதத்தை வெறும் ஸ்ட்ரிங்காக அனுப்பாமல் பெயரும் கூலியும் சேர்ந்த மேப்பாக மாற்றினான். எனக்குச் சொன்னதாக அவன் சொல்கிறான். ஆப் ஓடியது, பிழை இல்லை, லாக்கில் ஒரு வரி இல்லை. வெட்டும் விருப்பம் மட்டும் எந்த மீனுக்கும் வரவில்லை. மூன்று வாரம் வெட்டுக்கூலி பில்லில் ஏறவே இல்லை. கத்தி பிடிக்கும் அம்மாவுக்கு அக்கா கைக்காசு கொடுத்துக்கொண்டிருந்தது எனக்குப் பிறகுதான் தெரியும். சிவப்புத் திரை எவ்வளவோ மரியாதையானது.

மற்ற இரண்டு இடங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். போனிலேயே சேமிக்க ஹைவ் பயன்படுத்துகிறவர்கள் சோதிக்கும்போது ஆப்பை முழுதாக மூடித் திறந்து பாருங்கள். போட்ட மேப்பை அப்போதே எடுத்தால் போட்ட டைப்பிலேயே வரும், நினைவகத்தில் இருப்பதையே கொடுக்கும். மூடித் திறந்தால் இரண்டு பக்கமும் டைனமிக் ஆன மேப் வரும், ‘ஆஸ்’ உடையும். ‘மேப் ஃப்ரம்’ போட்டால் மேல் அடுக்கு சரியாகும், உள்ளடுக்கை நீங்கள்தான் இறங்கிப் பார்க்க வேண்டும். இன்னொன்று ப்ளூடூத் பில் பிரின்டர். ஆண்ட்ராய்டு பக்கத்திலிருந்து, டார்ட்டோடு பேசும் மெத்தட் சேனல் வழியாக வரும் பட்டியலும், எதுவாகவும் இருக்கலாம் என்ற ஆப்ஜெக்ட் லிஸ்ட்டாகவே வரும். அங்கே ‘இன்வோக் லிஸ்ட் மெத்தட்’ இருக்கிறது, உள்ளுக்குள் அது செய்வதும் காஸ்ட்தான். பிரின்டர் பெயர்கள் நாலைந்து, கோட்லின் பக்கத்தை எழுதியதும் நான்தான் என்பதால் அப்படியே விட்டுவிட்டேன். ஆப் முழுக்க இன்று மிச்சமிருக்கும் ஒரே காஸ்ட் அது.

2023 மே மாதம், வியாபாரம் மந்தமாக இருந்த நேரத்தில் டார்ட் 3 வந்தது, அதில் மதிப்பின் வடிவத்தைப் பொருத்திப் பார்க்கும் பேட்டர்ன்கள். பெயர் ஸ்ட்ரிங்காக, எடை நம் ஆக இருந்தால் எடுத்துக்கொள் என்று ஒரே வரியில் எழுதலாம், படிக்கவும் நன்றாக இருக்கிறது. ஆனால் பேட்டர்னுக்குள் ஸ்ட்ரிங் லிஸ்ட் என்று எழுதினால் ஒருபோதும் பொருந்தாது, ஏனென்றால் வருவது டைனமிக் லிஸ்ட். உடையாமல் அமைதியாக எல்ஸ் பக்கம் போய்விடும். வேர் டைப்பில் சுட்டுக்கொண்டவன் என்பதால் இதை முதல் நாளே கவனித்தேன். பேட்டர்னில் வெறும் லிஸ்ட் என்று பிடித்து, பிறகு ஃப்ரம்.

இவ்வளவுக்கும் நடுவில் உண்மையிலேயே நிம்மதி தந்தது, நிரலை எழுதும்போதே சோதிக்கும் அனலைசரின் அமைப்பில் ‘ஸ்ட்ரிக்ட் காஸ்ட்ஸ்’ என்ற ஒற்றை வரி. டைனமிக்காக வந்ததை நான் எழுதாமலேயே மொழி தானாக காஸ்ட் செய்யும் இடங்களையெல்லாம் எழுதும்போதே பிழையாகக் காட்டும். போட்ட அன்று 200க்கு மேல் சிவப்பு. இரண்டு வாரம் ராத்திரி உட்கார்ந்து தீர்த்தேன். புது ப்ராஜெக்ட் என்றால் முதல் நாளே போட்டுவிடுங்கள், பிறகு போட மனம் வராது.

2025 தடைக்காலத்தில் ஆள் யாரும் வரவில்லை. ஜூன் 15 அன்று விசைப்படகு மேப் நிரம்பியபோதும் ஒன்றும் ஆகவில்லை. கொஞ்சம் கர்வமாகவே இருந்தேன். போன வாரம் பையன் வாசலில் நின்றான். எடைப் பெட்டியில் எழுத்தும் அடிக்கலாம் என்று நண்பன் சர்வரில் மாற்றியிருக்கிறான். அக்கா அதில் ‘ஒண்ணேகால்’ என்று அடித்திருக்கிறார். அந்த ஒரு மீன் மட்டும் பட்டியலில் வரவில்லை, லாக்கில் வரி சரியாக விழுந்திருந்தது. இப்போது கால், அரை, முக்கால் எல்லாவற்றையும் எண்ணாக மாற்றும் ஃபங்ஷன் எழுதிக்கொண்டிருக்கிறேன்.