எல்லையோரப் பிள்ளைகளுக்கு ஒரு நிகழ்தகவுப் பெட்டி: வாங்கலாமா?

உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு நிகழ்தகவை, அதாவது வாய்ப்பைக் கணக்கிடுவதைப் பழக்கும் பெட்டி ஒன்றைப் பாலக்காட்டில் பள்ளிக் கருவிகள் விற்கும் கடையொன்றில் ரூ.650 கொடுத்து வாங்கினேன். கேரளத்தில் தமிழ்நாட்டு எல்லையோரம் உள்ள கொழிஞ்சாம்பாறையில் மாலை நேரத்தில் கணக்கு சொல்லிக்கொடுக்கும் என்னிடம் இரண்டு மாநிலங்களின் பாடத்திட்டங்களும் ஒரே பாயில் வந்து உட்காருகின்றன: சித்தூர் தாலுகாவின் தமிழ்வழிப் பள்ளிகளில் படிப்பவர்கள் சிலர், எல்லை தாண்டிப் பொள்ளாச்சிப் பக்கம் போய்ப் படித்து வருபவர்கள் சிலர். இரு தரப்பினருக்கும் பத்தாம் வகுப்பில் நிகழ்தகவு உண்டு. ஆனால், தமிழ்நாட்டுப் பாடத்தில் எண்ணுதலின் அடிப்படைக் கொள்கையும் வரிசை மாற்றமும் (வரிசை பார்த்துத் தேர்ந்தெடுப்பது) சேர்வும் (வரிசை பாராமல் தேர்ந்தெடுப்பது) பதினோராம் வகுப்பில்தான் வருகின்றன. எண்ணும் முறைகளைக் கற்குமுன்பே வாய்ப்பைக் கணக்கிடச் சொல்லும் இந்த இடைவெளியை நிரப்புவதாகப் பெட்டியின் மேலட்டை சொன்னதை நம்பியே வாங்கினேன். உள்ளே இருக்கும் பொருள்கள் கொடுத்த காசுக்குத் தகும். கையேட்டை மட்டும் அச்சிட்ட வரிசையில் நடத்தக் கூடாது. தயாரிப்பாளர் பெயரை விட்டுவிடுகிறேன், ஏனெனில் ஏறத்தாழ இதே பொருள்கள் வேறு வேறு முத்திரைகளில் விற்கப்படுகின்றன.

பெட்டியில் இரண்டு பகடைகள், நான்கு பிளாஸ்டிக் நாணயங்கள், முள் பொருத்திய ஒரு சுழல்தட்டு, ஒரு சீட்டுக்கட்டு, துணிப்பையில் மூன்று நிறங்களில் அறுபது மணிகள், ஆங்கிலமும் மலையாளமும் கலந்த கையேடு ஆகியவை உள்ளன. பிளாஸ்டிக் நாணயங்கள் எடையில்லாமல் உருண்டோடுகின்றன. சட்டைப்பையில் இருக்கும் ஒரு ரூபாய் நாணயமே மேல். சுழல்தட்டு பரவாயில்லை.

மணிப்பையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நிறத்துக்கு இருபது மணிகள் இருப்பதால், பார்க்காமல் ஒன்றை எடுத்தால் அது சிவப்பாக இருக்க வாய்ப்பு மூன்றில் ஒன்று என்று கையேடு சொல்கிறது. ஆனால், சிவப்பு மணிகளில் மட்டும் வார்ப்பின் ஓரம் சரியாகத் தேய்க்கப்படாமல் நகத்துக்குத் தட்டுப்படும் மெல்லிய விளிம்பாக நிற்கிறது. “சார், சிவப்பு கைக்கே தெரியுதுங்க” என்று ஒரு மாணவி சொல்லிவிட்டு, கேட்ட போதெல்லாம் சிவப்பையே எடுத்துக் காட்டினாள். தயாரிப்பில் இது குறைதான். இருந்தாலும், சாதகமான வழிகளின் எண்ணிக்கையை மொத்த வழிகளின் எண்ணிக்கையால் வகுக்கும் முறை எல்லா வழிகளும் சமவாய்ப்பு உடையவையாக இருந்தால் மட்டுமே செல்லும் என்பதை இதைவிட நன்றாக விளக்க என்னால் முடிந்திருக்காது. விளிம்புள்ள மணிகளைக் கொண்டு எடுத்துப் பார்த்துப் பட்டறி நிகழ்தகவை, அதாவது செய்து பார்த்துக் கிடைக்கும் விகிதத்தை எழுதச் சொல்லுங்கள். பிறகு அதே மணிகளை உப்புத்தாளில் தேய்த்துவிட்டு மறுபடி எடுக்கச் சொல்லுங்கள்.

கையேட்டின் பெரிய கோளாறு அதன் வரிசை. மூன்றாம் பக்கத்திலேயே காரணீயப் பெருக்கமும் (5×4×3×2×1 போன்றது), அடுத்த பக்கத்தில் வரிசை மாற்றம், சேர்வு ஆகிய இரண்டின் சூத்திரங்களும் வந்துவிடுகின்றன. இப்படிப் படித்த மாணவர் எந்தக் கணக்கைக் கண்டாலும் முதலில் கேட்பது, “இது அதா, இதா?” என்பதுதான். ஐந்து பேரில் ஒருவரைத் தலைவராகவும் ஒருவரைத் துணைத்தலைவராகவும் தேர்ந்தெடுக்கும் வழிகளைப் பெயர் பெயராக எழுதச் சொன்னால் இருபது வரிகள் வரும். குடிநீர் எடுத்துவர இருவரை அனுப்பும் வழிகளைக் கேட்டால், அதே பட்டியலில் ஒவ்வொரு இணையும் இரு முறை இருப்பதை அவர்களே கண்டு பாதியை அடித்துவிட்டுப் பத்து என்பார்கள். இரண்டால் வகுப்பது ஏன் என்று அதன்பின் யாரும் கேட்பதில்லை. பட்டியலை எழுதிச் சலித்த பிறகுதான் சூத்திரத்துக்கு வேலை. கையேட்டில் பட்டியல் என்ற பேச்சே பத்தாம் பக்கத்துக்குப் பிறகுதான் வருகிறது, ஆகவே அங்கிருந்தே தொடங்குங்கள்.

வழிகளைக் கிளை கிளையாகப் பிரித்துக் காட்டும் மர வரைபடம் தெளிவாக வரையப்பட்டிருக்கிறது. ஆனால், எடுத்துக்காட்டெல்லாம் சட்டையும் காற்சட்டையும் ஆகையால், எங்கே பெருக்க வேண்டும், எங்கே கூட்ட வேண்டும் என்ற வேறுபாடு அதில் எழுவதே இல்லை. பொள்ளாச்சியிலிருந்து கொழிஞ்சாம்பாறைக்கு மூன்று பேருந்துகளும் அங்கிருந்து பாலக்காட்டுக்கு நான்கு பேருந்துகளும் இருப்பதாகக் கொண்டால் பன்னிரண்டு வழிகள். மீனாட்சிபுரம் வழியாக நேரே செல்லும் ரயில் ஒன்றையும் சேர்த்துக்கொண்டால் பதின்மூன்று. ‘பிறகு’ என்று வந்தால் பெருக்கு, ‘அல்லது’ என்று வந்தால் கூட்டு. இந்த ஒரு கணக்கைப் போட்டவர்கள் தடுமாறுவதில்லை.

இரண்டு பகடைகளின் முப்பத்தாறு விளைவுகளோடு கூறுவெளியை, அதாவது எல்லா விளைவுகளின் தொகுதியைத் தொடங்குவது எல்லாப் புத்தகங்களிலும் உள்ள வழக்கம், இக்கையேட்டிலும் அப்படியே. நான் அதற்கு முன் தாயக்கட்டையை எடுத்துக்கொள்கிறேன். வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று என நான்கு முகங்கள் கொண்ட இரண்டு கட்டைகளுக்கு விளைவுகள் பதினாறே. இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு. அதற்கு ஒரு வழி. தாயத்துக்கு, அதாவது ஒன்றுக்கு, இரண்டு வழிகள், இரண்டுக்கு மூன்று, மூன்றுக்கு நான்கு, நான்குக்கு மூன்று, ஐந்துக்கு இரண்டு, ஆறுக்கு ஒன்று. தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் மறுபடி உருட்டலாம் என்று ஆடுபவர்களுக்கு அந்த வாய்ப்பு 6/16, அதாவது 3/8.

இதில் பிள்ளைகள் ஏற்கெனவே படித்த இயற்கணிதமும் வந்து சேர்கிறது. கட்டையின் முகங்களை ஒரு மாறியின் அடுக்குகளாக எழுதி, (1 + க + க² + க³) என்ற கோவையைத் தன்னாலேயே பெருக்கிப் பார்த்தால் கிடைக்கும் கெழுக்கள் (அடுக்குகளுக்கு முன் நிற்கும் எண்கள்) 1, 2, 3, 4, 3, 2, 1. மேலே எண்ணியெடுத்த அதே எண்கள்! பெருக்கும்போது க¹ வருவதற்கான வழிகளும் தாயம் விழுவதற்கான வழிகளும் ஒன்றே என்பதால் இது தற்செயல் அல்ல. ஒன்பதாம் வகுப்பில் மனப்பாடம் செய்த (அ + ஆ)³ விரிவில் 1, 3, 3, 1 ஏன் வருகிறது என்பதும், மூன்று நாணயங்களைச் சுண்டினால் ஒரு தலை விழ மூன்று வழிகள் ஏன் என்பதும் இதே கணக்குதான். இயற்கணிதம் தெரிந்த மாணவர்களுக்கென்றே விற்கப்படும் பெட்டியின் கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்பது எனக்குப் பெரிய ஏமாற்றம்.

‘ஒரு முறையேனும்’ என்று கேட்கும் கணக்குகளுக்கு நிரப்பு நிகழ்ச்சியை (அது ஒரு முறைகூட நடக்காமல் போவதை) கொண்டு வழிகாட்டும் பக்கம் மட்டும் குறைசொல்ல முடியாதது. அதைப் படித்தபின், எட்டு முறை உருட்டியும் தாயமே விழாதிருக்க வாய்ப்பு என்ன என்று கேட்டேன். தாயத்தின் வாய்ப்பு 2/16, அதாவது எட்டில் ஒன்று என்றால் எட்டு உருட்டலில் ஒன்று நிச்சயம் என்று பெரும்பாலோர் எதிர்பார்த்தார்கள். 7/8-ஐ எட்டு முறை பெருக்கினால் ஏறத்தாழ 34 சதவீதம் வருகிறது. மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று மேல்.

வரலாற்றுக் குறிப்பைக் கையேடு பிரெஞ்சுக் கணித அறிஞர்கள் பாஸ்கல், பெர்மா ஆகியோரின் 1654ஆம் ஆண்டுக் கடிதங்களிலிருந்து தொடங்குகிறது. வாய்ப்புக் கணக்கின் தொடக்கமாக அதைக் கொள்ளலாம். எண்ணும் முறைக்கென்றால், இலக்கங்களை இடம் மாற்றி அடுக்கும் வழிகளைப் பாஸ்கரர் 1150 வாக்கிலேயே தம் கணித நூலான லீலாவதியில் எழுதியிருப்பதையும் சேர்த்திருக்க வேண்டும்.

பயிற்சிகளில் உள்ளூர்ப் பொருள் குறைவு. 1967 முதல் அரசே லாட்டரி நடத்தும் கேரளத்தில், 2003இல் அதைத் தடை செய்த தமிழ்நாட்டின் ஓரத்தில் இருக்கிறோம். பள்ளிக்குப் போகும் வழியெல்லாம் லாட்டரிக் கடைகள். முதல் இலக்கம் சுழியாக இல்லாத ஆறிலக்க எண்கள் 9,00,000 என்பதையும், அவை பன்னிரண்டு தொடர்களில் அச்சிடப்பட்டால் சீட்டுகள் 1,08,00,000 என்பதையும், அவற்றில் ஒன்றுக்குத்தான் முதல் பரிசு என்பதையும் பிள்ளைகளே பெருக்கிக் கண்டார்கள். லாட்டரியை வகுப்புக்குள் கொண்டுவருவதை விரும்பாத பெற்றோர் உண்டு. அவர்களிடம் இந்தப் பெருக்கலைக் காட்டினால் போதும்.

அதே தயக்கம் சீட்டுக்கட்டுக்கும் உண்டு. பத்தாம் வகுப்புத் தேர்வில் ஐம்பத்திரண்டு சீட்டுக் கணக்கு வரக்கூடும் என்பதால் அதைத் தவிர்க்க முடியாது. வீட்டில் சீட்டையே தொட்டறியாத பிள்ளைகளுக்கு இஸ்பேட், ஹார்ட்டின், டைமன், கிளாவர் ஆகியவற்றின் நிறமும், ஒவ்வொன்றிலும் பதின்மூன்று என்பதும், பட முகச் சீட்டுகள் பன்னிரண்டே என்பதும் முதலில் தெரிந்தாக வேண்டும். பெட்டியில் தந்திருக்கும் கட்டில் ஜோக்கர் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. கையேடு அதைச் சொல்லவில்லை, வகுப்புக்கு எடுத்துச் செல்லும் முன் நீக்கிவிடுங்கள்.