வயதான பூனைக்கு வீட்டுக்கே வந்து நகம் வெட்டுகிறோம் என்பவர்களைக் கூப்பிடும் முன் இதைப் படித்துவிடுங்கள்

சென்னையில் இப்போது வீட்டுக்கே வந்து நாயைக் குளிப்பாட்டி, பூனைக்கு நகம் வெட்டிவிட்டுப் போகும் ஆட்கள் நிறைய வந்துவிட்டார்கள். எல்லாரும் மோசம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் உங்கள் வீட்டில் இருப்பது வயதான, பயந்த சுபாவமுள்ள பூனை என்றால், 'ஃபுல் நெயில் பேக்கேஜ்' என்று யாராவது ஆரம்பித்த உடனே கொஞ்சம் நிதானியுங்கள். எங்கள் வீட்டில் நடந்ததை அப்படியே எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை, புகார் நிலுவையில் இருக்கிறது.

எங்கள் சிட்டுவுக்குப் பதினைந்து வயது. காலிங்பெல் அடித்தாலே பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் போய் ஒட்டிக்கொள்ளும் ரகம். இத்தனை வருடமும் அம்மாதான் அதற்கு நகம் வெட்டிவிடுவார், மடியில் போட்டுக்கொண்டு, டிவியில் சீரியல் ஓட ஓட. அம்மாவுக்குக் கை நடுங்க ஆரம்பித்த பிறகு அது நின்றுபோனது, என்னிடமோ சிட்டு காலைக் கொடுக்காது. வயதான பூனைகள் பாய், சோபாவைப் பிராண்டுவது குறைந்துவிடும், அதனால் நகத்தின் பழைய மேலுறை உதிராமல் அடுக்கடுக்காகத் தங்கி, நகம் தடித்து மஞ்சளாகிவிடும். முழுசாக உள்ளே இழுத்துக்கொள்ளவும் முடியாது. டைல்ஸில் நடந்தால் டக் டக்கென்று சத்தம், போர்வையில் மாட்டிக்கொண்டு இழுத்துக்கொண்டே வரும். போதாததற்கு வலது முன்னங்காலை ஓயாமல் நக்கிக்கொண்டே இருந்தது. அதற்காகத்தான் கூப்பிட்டோம்.

போனில் எல்லாவற்றையும் தெளிவாகச் சொன்னேன். வயது, பயம், சிறுநீரகம் லேசாக பாதித்திருப்பதாக டாக்டர் சொல்லியிருப்பது, முன்னங்கால் கட்டைவிரல் நகத்தை முக்கியமாகப் பார்க்க வேண்டும் என்பது வரை. அந்த நகம் தரையில் படாது, தேயாது, விட்டால் வளைந்து சதைக்குள்ளேயே இறங்கிவிடும். "கேட் ஸ்பெஷலிஸ்ட் வருவார் மேடம், சீனியர் கேட்ஸ் நிறைய பண்ணியிருக்கோம், 349 ரூபாய்தான்" என்றார்கள்.

வந்தது இரண்டு பையன்கள். பையைத் திறந்தால் உள்ளே ஒரே ஒரு கிளிப்பர், பெரிய நாய்களுக்கு வைத்திருக்கும் மொத்தமான கிளிப்பர். முந்தின வீட்டு நாயின் வெள்ளை முடி இன்னும் அதில் சிக்கியிருந்தது. துடைக்கக்கூட இல்லை. "பூனைக்கு வேற இல்லையா தம்பி?" என்று அம்மா கேட்டதற்கு, "எல்லாத்துக்கும் இதான் ஆன்ட்டி, ஒண்ணும் ஆகாது, பத்து நிமிஷ வேலை" என்றான் ஒருவன். இன்னொருவன் பீரோ இடுக்கில் கையை விட்டு, சிட்டுவின் பிடரித் தோலைப் பிடித்து அப்படியே தூக்கினான். குட்டியைத் தாய்ப்பூனை தூக்குகிறதே என்பார்கள். குட்டி வேறு, மூட்டெல்லாம் தேய்ந்த கிழப்பூனை வேறு. பூனைகளைக் கையாள்வது பற்றிப் பூனை மருத்துவர்களின் சர்வதேச அமைப்புகள் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே பிடரியைப் பிடித்து அடக்காதீர்கள் என்றுதான் இருக்கிறது.

நான் விடச் சொல்வதற்குள் டவலில் சுருட்டி, காலை வெளியே இழுத்து, சடசடவென்று வெட்ட ஆரம்பித்துவிட்டான். வெளிச்சத்தில் பார்த்தால் நகத்துக்குள் இளஞ்சிவப்பாக ஒரு சதை தெரியும், ரத்தக்குழாயும் நரம்பும் ஓடுவது அதில்தான். அதற்கு முன்னாடியே நிறுத்திவிட வேண்டும், நுனி மட்டும் போனால் போதும். வயதான பூனையின் நகம் தடித்து மங்கிப்போயிருப்பதால் அந்தச் சதை சுலபத்தில் தெரியாது, இன்னும் நிதானமாகப் பார்த்து வெட்ட வேண்டும். இவன் பார்க்கவே இல்லை. ஒரு நகம் நசுங்கி நீளவாக்கில் பிளந்தது, அடுத்ததில் ரத்தம், அதற்கடுத்ததிலும் ரத்தம். சிட்டு கத்திய கத்தலை இதுவரை நாங்கள் கேட்டதில்லை. டவலிலேயே மூத்திரம் போய்விட்டது.

நிறுத்துங்கள் என்று நான் கத்திய பிறகு சொன்னான்: "ரொம்ப அக்ரெசிவ்வா இருக்கு மேடம், ஒரு சின்ன ஊசி போட்டுக்கலாம், தூங்கிடும், எக்ஸ்ட்ரா 600." என்ன மருந்து? "கம்பெனில குடுக்குறது." டாக்டர் யார்? பதில் இல்லை. இந்த இடத்தை மட்டும் தயவுசெய்து மறந்துவிடாதீர்கள். 1984-ஆம் ஆண்டு இந்திய கால்நடை மருத்துவ கவுன்சில் சட்டப்படி பதிவு பெற்ற கால்நடை மருத்துவர்தான் மருத்துவம் பார்க்க முடியும், குரூமிங் செய்ய வருபவர் மயக்க ஊசியைக் கையில் எடுக்கவே கூடாது. மயக்க மருந்துகள் சிலவற்றில் ரத்த அழுத்தம் இறங்கும், சிறுநீரகம் பாதித்த பூனைக்கு அது எங்கே கொண்டுபோய் விடும் என்று சொல்லத் தேவையில்லை. முடியவே முடியாது என்று சொல்லிவிட்டேன்.

அப்புறம் ரத்தத்தை நிறுத்துகிறேன் என்று டெட்டாலில் நனைத்த பஞ்சை எடுத்தான். அம்மா அதைத் தட்டிவிட்டார். டெட்டால் பூனைக்கு ஆகாது, காலை நக்கும்போது உள்ளே போய்விடும், பூனையின் ஈரலால் அந்த வகை ரசாயனத்தைச் சமாளிக்க முடியாது. நாங்கள் சமையலறையில் இருந்த வெள்ளைச் சோள மாவை (கார்ன்ஃப்ளோர்) விரலில் எடுத்து நகத்தின் மேல் அழுத்திப் பிடித்தோம், கொஞ்ச நேரத்தில் நின்றது.

பில்லைப் பாருங்கள்: நகம் 349, வந்துபோகும் செலவு, 'சீனியர் கேட்' கட்டணம், 'அக்ரெசிவ் ஹேண்ட்லிங்' கட்டணம், எல்லாம் சேர்த்து 1,450 ரூபாய். பாதியில் நிறுத்திய வேலைக்கு '18 நகங்கள் முடிந்தது' என்று எழுதியிருந்தது. யாரையும் கடிக்கக்கூட இல்லாத பூனைக்கு அக்ரெசிவ் பட்டம் வேறு. அக்கம்பக்கம் எட்டிப்பார்க்க ஆரம்பித்துவிட்டது, "குடுத்து அனுப்பிவிடும்மா, முதல்ல போகட்டும்" என்று அம்மா படபடத்ததால் ஜிபேயில் போட்டுவிட்டு, பில்லையும் கால்களையும் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். சிட்டுவின் பழைய சீட்டெல்லாம் அங்கேதான். டாக்டரம்மா வலது காலை லேசாகத் திருப்பி, முடியை ஒதுக்கிக் காட்டினார். எதற்காகக் கூப்பிட்டோமோ அந்தக் கட்டைவிரல் நகத்தை அவர்கள் தொடவே இல்லை. அது ஒரு முழு வட்டம் அடித்து, அடியில் இருக்கும் மெத்தென்ற சதைக்குள் நுனி இறங்கி, சுற்றிலும் சீழ் கட்டியிருந்தது. அதை வெட்டி, குழிக்குள் இருந்த துண்டை இடுக்கியால் உருவி எடுத்தார்கள். சுத்தம் செய்து மருந்து கொடுத்தார்கள்.

அவர் சொன்ன இன்னொரு விஷயம்தான் எனக்கு முக்கியமாகப் பட்டது. பன்னிரண்டு வயதைத் தாண்டிய பூனைகளை எக்ஸ்ரே எடுத்தால் பெரும்பாலானவற்றுக்கு மூட்டுத் தேய்மானம் தெரியுமாம். காலைப் பக்கவாட்டில் இழுத்து நீட்டும்போது அது திமிறுவது கோபத்தில் இல்லை, வலியில். ஒரே நேரத்தில் பதினெட்டு நகத்தையும் வெட்டியே ஆக வேண்டும் என்று பூனைக்கு ஒரு கட்டாயமும் கிடையாது, பேக்கேஜ் போட்டு அடுத்த வீட்டுக்கு ஓட வேண்டியவனுக்குத்தான் அந்தக் கட்டாயம். மொத்தத் தகராறும் இதில்தான் இருக்கிறது.

இப்போது வீட்டிலேயே செய்கிறோம். மதியம் வெயில் விழும் இடத்தில் சிட்டு தூங்கி வழியும்போது அம்மா தலையைத் தடவிக்கொடுப்பார், நான் பின்னால் உட்கார்ந்து, காலை அது இருக்கும் இடத்திலேயே வைத்து, விரலை மேலும் கீழும் மெதுவாக அழுத்துவேன், நகம் வெளியே வரும். பூனைக்கென்றே விற்கும் சின்ன கத்தரிக்கோல் போன்ற கிளிப்பர், புதுசாக, கூர்மையாக. மழுங்கியது என்றால் நகத்தை நசுக்கிப் பிளந்துவிடும். மேலும் கீழுமாக வைத்து வெட்ட வேண்டும், பக்கவாட்டில் வைத்து அழுத்தினாலும் பிளக்கும். ஒரு நகம், மிஞ்சிப்போனால் இரண்டு, அவ்வளவுதான். வாலை அடிக்க ஆரம்பித்தாலோ காது பின்னால் சாய்ந்தாலோ அன்றைய கடையைச் சாத்திவிடுவோம். உடனே உப்பில்லாமல் வேகவைத்த கோழித் துணுக்கு. கட்டைவிரல் நகத்தைத்தான் எப்போதும் முதலில் பார்க்கிறோம்.

இதற்கும் ஒத்துவராத பூனை என்றால், வீட்டிலேயே முன்கூட்டிக் கொடுத்துப் பயத்தைக் குறைக்கும் மருந்துகளை டாக்டரே எழுதித் தருவார், கபாபென்டின் மாதிரி. சிறுநீரகம் சரியில்லை என்றால் அளவைக் குறைப்பார்கள், அதனால் மனிதர்களுக்கு எழுதிக் கொடுத்ததை உடைத்துக் கொடுக்கும் வேலை வேண்டாம். பாரசிட்டமால் பக்கமே போகாதீர்கள், பூனைக்கு அது விஷம்.

யாரையாவது கூப்பிட்டே ஆக வேண்டும் என்றால் போனிலேயே கேளுங்கள்: பூனைக்குத் தனிக் கிளிப்பர் கொண்டு வருவீர்களா? இரண்டு நகத்தோடு நிறுத்தச் சொன்னால் நிறுத்துவீர்களா? அப்போது எவ்வளவு வாங்குவீர்கள்? ரத்தம் வந்தால் என்ன போடுவீர்கள்? மொத்தத் தொகையை வாட்ஸ்அப்பில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஊசி என்ற பேச்சு வந்தால் போனை வையுங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, அடுத்த முறைக்கு இருபது சதவீதத் தள்ளுபடிக் கூப்பன் அனுப்பினார்கள். போட்டோக்களையும் டாக்டர் சீட்டையும் அனுப்பியதும் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். அங்கே நகரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், ஐந்து லட்சம் வரைக்கும் அங்கே கட்டணம் கிடையாது, ஆன்லைனிலேயே போடலாம். மருத்துவச் செலவையும் சேர்த்தே கேட்கப்போகிறேன்.