உயில் ஒரிஜினலை வக்கீல்ட்ட ரசீது இல்லாம குடுத்துடாதீங்க, நாங்க குடுத்துட்டு பட்ட பாடு

பாபநாசம் பக்கம் எங்க ஊரு. 2021ல அப்பா தவறிட்டாரு. ஆறு மா நஞ்சை, ஒரு ஓட்டு வீடு, எல்லாத்தையும் அம்மா பேருக்கு உயில் எழுதி ரிஜிஸ்டர் ஆபீஸ்ல பதிவும் பண்ணி வச்சிருந்தாரு. எனக்கும் அக்காவுக்கும் இதுல ஒரு சண்டையும் கிடையாது. அப்படியும் மூணு வருசம் போச்சு.

கருமாதிக்கு வந்த மாமா ஒருத்தர் தஞ்சாவூர் கோர்ட்ல எனக்கு தெரிஞ்ச ஆளு இருக்காருன்னு கூட்டிட்டு போனாரு. அந்த வக்கீல் உயில பொரட்டி பாத்துட்டு "புரோபேட் வாங்கலன்னா இது வெத்துப் பேப்பர் தம்பி"ன்னாரு (புரோபேட்னா உயில் செல்லும்னு கோர்ட் குடுக்குற சான்று). நமக்கென்ன தெரியும், அம்மாகிட்ட வக்காலத்துல கையெழுத்து வாங்கி, ஒரிஜினல் உயிலையும் குடுத்து, 25,000 ரூபாயும் குடுத்துட்டு வந்தோம். அப்புறம் பேப்பர் விளம்பரத்துக்குன்னு 12,000, குமாஸ்தா செலவு தனி. ரசீது கேட்டா "மாமா மூலமா வந்திருக்கீங்க, நமக்குள்ள என்ன"ன்னு சிரிப்பு வேற.

போன் பண்ணா கேஸுக்கு இன்னும் நம்பர் ஆகல, பெட்டிஷன் ரிட்டர்ன் ஆச்சு, இப்படியே ஓட்டுனாரு. பட்டா அப்பா பேர்லயே கெடக்கு. அதனால கூட்டுறவு சொசைட்டில பயிர்க்கடன் இல்ல. ரெண்டு சம்பா நெல்லை கொள்முதல் நிலையத்துல போட முடியாம வியாபாரி கேட்ட வெலைக்கே தள்ளிவிட்டோம், பீஸை விட இதுதான் எனக்கு வயித்தெரிச்சல்.

ரொம்ப நச்சரிச்சதுக்கு அப்புறம் ஒரு கேஸ் நம்பர் குடுத்தாரு. அக்கா பொண்ணு கோர்ட் கேஸ் நிலவரம் பாக்குற ஈகோர்ட்ஸ் ஆப்ல போட்டு பாத்தா அது யாரோ ஒருத்தரோட ஆக்சிடென்ட் நஷ்டஈடு கேஸ். எங்க பேர்ல ஒண்ணுமே போடல.

அப்புறம்தான் கோர்ட்ல இருக்குற சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு அம்மாவ கூட்டிட்டு போனோம் (பொம்பளைங்களுக்கு வருமானம் எவ்ளோ இருந்தாலும் அங்க இலவசம், 15100க்கு போன் பண்ணியும் கேக்கலாம்). அங்க இருந்த வக்கீலம்மா சொன்னதக் கேட்டு தலையில கை வச்சுட்டேன். 1925 வாரிசுரிமை சட்டம் 213வது பிரிவு அப்போ இருந்தபடி பாத்தாலும், நம்ம பக்கத்துல இந்துக்கள் எழுதுற உயிலுக்கு புரோபேட் கட்டாயமே இல்லையாம், சென்னையில எழுதுனதோ சொத்து சென்னையில இருக்குறதோன்னாதான் அப்போ கட்டாயமாம்.

ஒரிஜினல கேட்டா பாக்கி 20,000 வச்சாதான் தருவேன்னு நின்னாரு அந்த மனுசன். பீஸ் பாக்கிக்காக கட்சிக்காரங்க பேப்பர வக்கீல் பிடிச்சு வைக்கக் கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட் 2000லயே சொல்லிருக்கு. வக்கீலம்மா அத வச்சு ஒரு லெட்டர் போட்டாங்க, பத்தாம் நாள் குமாஸ்தா வீட்டுக்கே கொண்டாந்து குடுத்துட்டு தண்ணி கூட குடிக்காம போய்ட்டான். அதுக்குள்ள இறப்பு சான்றிதழ காட்டி ரிஜிஸ்டர் ஆபீஸ்ல உயில் நகலும் எடுத்துட்டோம், பதிவு பண்ண உயில்ங்கறதால கெடச்சுது. உயில், இறப்பு சான்றிதழ், வாரிசு சான்றிதழ் வச்சு தாலுகா ஆபீஸ்ல எழுதிக் குடுத்தோம், பட்டா அம்மா பேருக்கு மாறிடுச்சு. இவ்ளோதான் வேலை.

அவருகிட்ட குடுத்த பணம் வரல. கன்ஸ்யூமர் கோர்ட்டுக்கு போலாம்னு பாத்தா வக்கீல் மேல அங்க கேஸ் போட முடியாதுன்னு 2024 மே மாசம் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பாம். வக்கீல்கள் மேல வர்ற புகார விசாரிக்கிற பார் கவுன்சில்லதான் புகார் குடுத்திருக்கோம். ரசீது இருக்கான்னு கேட்டாங்க.

மாமா இன்னமும் "அவரு நல்ல மனுசன்டா, வேலை ஜாஸ்தி"ன்னுதான் சொல்லிட்டு திரியுறாரு.